சந்தையிலிருந்து நேராக அடுப்படிக்கு: ஒரு முழுச் சனிக்கிழமை பேக்கிங்

பழக்கூடை | சனி, இரவு 9.10

எட்டு மாதம் கழித்து இன்றைக்குத்தான் எனக்கு ஒரு முழுச் சனிக்கிழமை கிடைத்தது. வேலை நேரம் மாறியதிலிருந்து சனி என்றாலே ஓட்டம்தான். "நாளைக்கு நாம் இரண்டு பேரும் சந்தைக்குப் போகிறோம், வந்து நாள் முழுக்க பேக் செய்கிறோம்" என்று நேற்று மகளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. 9 வயது. ஆனாலும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

பட்டியல் எழுதிக்கொண்டு போகவில்லை. மாவு, சர்க்கரை, வெண்ணெய், ஈஸ்ட் வீட்டில் இருந்தன. மற்றதைச் சந்தை சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த இழையைத் தொடங்கியதே இதைப் பேசத்தான். என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் போனால், அந்தப் பொருளை மட்டும்தான் கண் தேடுகிறது. வெறும் கையோடு போனால் நன்றாக இருப்பது எல்லாம் கண்ணில் படுகிறது.

முதலில் கண்ணில் பட்டது வாழைப்பழம். தோலெல்லாம் கரும்புள்ளி விழுந்து, யாரும் எடுக்காமல் ஓரமாகக் கிடந்தது. கடைக்காரர் நல்ல மனதோடு "இது வேண்டாம்மா, அதை எடுங்க" என்றார். எனக்கு அதுதான் வேண்டும். காயில் மாவுச்சத்தாக இருப்பது பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. சாப்பிட அழகில்லாத அந்த நிலையில்தான் கேக்குக்கு அது உச்சத்தில் இருக்கிறது. அப்புறம் சின்னச் சின்ன ஆப்பிள். கையில் அழுத்தினால் கல் மாதிரி, கடித்தால் புளிப்பு. மாவு மாதிரி மெத்தென்று இருக்கும் ஆப்பிள் ஓவனில் குழைந்து போகும், இது நிற்கும். எலுமிச்சையை மகள் பொறுக்கினாள். ஒரே அளவில் இரண்டைக் கையில் எடுத்து, எது கனமோ அது என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். கனமானதில்தான் சாறு. ஆறு எலுமிச்சைக்குப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். நானும் அவசரப்படுத்தவில்லை. கடைசியாக முட்டையும் கொஞ்சம் வால்நட்டும் வாங்கினோம்.

9 மணிக்கு வீடு. மேசை மேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் முடிவு செய்தோம்: ஒரு ரொட்டி, ஒரு வாழைப்பழக் கேக், எலுமிச்சை பிஸ்கட், சுட்ட ஆப்பிள்.

நாலும் ஒரே நாளில் முடிந்ததற்குக் காரணம் வரிசைதான். ரொட்டிக்குத்தான் காத்திருப்பு அதிகம், அதனால் அதன் மாவை முதலில் பிசைந்தோம். 9.15க்குத் தொடங்கி கையாலேயே 12 நிமிடம். அது மூடி போட்டு உப்பிக்கொண்டிருக்க, கேக் மாவு கலந்தோம். ஓவன் சூடேறும்போதே வால்நட்டை உள்ளே வைத்து வறுத்தெடுத்தாயிற்று. 10 மணிக்குக் கேக் உள்ளே, 175 டிகிரி. அது வேகும்போது பிஸ்கட் மாவைப் பிசைந்து குளிர்பெட்டியில் வைத்தோம். 11க்குக் கேக் வெளியே, அதே சூட்டில் பிஸ்கட் இரண்டு ட்ரே. அதற்குள் ரொட்டியை உருட்டி அச்சில் வைத்து, அது இரண்டாம் முறை உப்பியிருந்தது. ஓவனை 220க்கு ஏற்றி ரொட்டி. ரொட்டி வந்ததும் சூட்டை 190க்குக் குறைத்து, இறங்கி வரும் அந்தச் சூட்டில் ஆப்பிள்.

ஓவன் ஏறுவது சீக்கிரம், ஆறுவது மெதுவாக. அதனால் குறைந்த சூட்டில் வேகிறதை முதலில், ரொட்டியைப் பிறகு. ஆப்பிளுக்கு மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, அதனால் அது கடைசி.

1.15க்கு ஆப்பிளை ஆளுக்கொன்றாகக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சமையலறை முழுக்கப் பட்டை வாசனை. இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்து வெகுநாள் ஆகிறது.

நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்? பட்டியலோடு போவீர்களா, இல்லாமலா?

---

தராசுத்தட்டு | சனி, இரவு 9.42

படிக்கவே மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் பட்டியல் இல்லாமல் போவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நானும் அப்படிப் போயிருக்கிறேன். ஒருமுறை ஸ்ட்ராபெர்ரி நன்றாக இருக்கிறதே என்று 2 கிலோ வாங்கி வந்தேன். அன்று வேறு வேலை வந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் அடியில் இருந்ததெல்லாம் நசுங்கி நீர் விட்டிருந்தது, அதற்கு மறுநாள் பூஞ்சை. பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. உணவு வீணாவதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்காது.

இன்னொன்று. பேக்கிங் என்பது அளவு. மாவு 100 என்றால் தண்ணீர் 65, உப்பு 2, ஈஸ்ட் 1. இந்தக் கணக்கை முதலில் எழுதி, அதற்கு வேண்டியதை வாங்கி வந்தால் எந்த வாரமும் ஒரே மாதிரி ரொட்டி வரும். எனக்கு அந்த உறுதிதான் சந்தோஷம்.

உங்கள் அளவுகளைப் போடுங்கள், பார்க்கலாம்.

---

புதுக்கை | சனி, இரவு 9.58

அக்கா, இதைப் படித்துவிட்டு ஓவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாங்கி மூன்று மாதம். ரொட்டி நாலு முறை செய்தேன், நாலு முறையும் வெளியே நன்றாக இருக்கிறது, உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டுகிறது. மேல்தோல் வெளுப்பாகவே வேறு இருக்கிறது. 180 டிகிரியில் 30 நிமிடம் வைக்கிறேன். வெளியே எடுத்ததும் ஆசையில் அறுத்துவிடுவேன். எங்கே தவறு?

---

பழக்கூடை | சனி, இரவு 10.25

தராசுத்தட்டு அவர்களே, அளவுகள் இதோ.

ரொட்டி உங்கள் கணக்குதான்: மாவு 500 கிராம், தண்ணீர் 325, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5. சமையலறையில் 27 டிகிரி இருந்தது, ஒன்றரை மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்கு ஆனது.

கேக்: தோல் உரித்த வாழைப்பழம் 350 கிராம், மாவு 200, உருக்கிய வெண்ணெய் 80, சர்க்கரை 120, முட்டை 2, சமையல் சோடா 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, வால்நட் ஒரு கைப்பிடி. ஒரு மணி நேரம்.

பிஸ்கட்டுக்கு மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு வெண்ணெய், ஒரு பங்கு சர்க்கரை, எல்லாம் எடையில். நான் 300, 200, 100 எடுத்தேன். இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல்.

அளவை நான் விட்டுவிடவில்லை என்பது இப்போது தெரிந்திருக்கும். ஆனால் கேக்கில் சர்க்கரையைப் பாருங்கள். வழக்கமாக 150 போடுவேன். இன்று பழத்தை மசித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு 120க்கு இறக்கினேன். எழுதி வைத்த குறிப்புக்கு உங்கள் பழத்தின் இனிப்பு தெரியாது. பழத்தைப் பார்த்த பிறகு வருகிற அளவுதான் சரியான அளவு என்பது என் எண்ணம். மாவு, ஈஸ்ட் போன்றவை வாராவாரம் மாறுவதில்லை, அவற்றுக்குப் பட்டியல் போடலாம். பழத்துக்கு எப்படிப் போடுவது?

வீணாவது பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அன்றே ஓவனுக்குள் போகும் அளவுக்கு மேல் வாங்கக் கூடாது. இதை மட்டும் நான் மீறுவதே இல்லை.

புதுக்கை, உங்கள் ரொட்டி இரண்டு காரணத்தால் ஒட்டுகிறது. வேக்காடு போதவில்லை, ஆறுவதற்குள் அறுக்கிறீர்கள். ரொட்டி வெளியே வந்த பிறகும் உள்ளே நீராவி நகர்ந்துகொண்டுதான் இருக்கும், மாவுச்சத்து இறுகிக்கொண்டிருக்கும். அப்போது அறுத்தால் அந்த ஈரம் அப்படியே பசையாகி நிற்கும். கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது விடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 95 டிகிரி காட்டினால் வெந்துவிட்டது. இல்லையென்றால் கவிழ்த்து அடியில் தட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருப்பது போல் சத்தம் வரவேண்டும்.

---

நள்ளிரவு அடுப்பு | சனி, இரவு 11.50

வெளுப்புக்கு நான் சொல்கிறேன். ரொட்டியின் தோல் சிவப்பது மாவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வினைபுரிவதால். 1912இல் லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை விளக்கினார், அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள். மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டினால்தான் இது வேகம் எடுக்கும். தோலில் ஈரம் இருக்கும்வரை அது 100 டிகிரி பக்கத்திலேயே நின்றுவிடும். 180இல் வைத்தால் தோல் காய்ந்து சூடேறவே நேரம் பிடிக்கிறது, நீங்களோ 30 நிமிடத்தில் எடுத்துவிடுகிறீர்கள். 220இல் 35 நிமிடம் வைத்துப் பாருங்கள். முதல் பத்து நிமிடம் அடித்தட்டில் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்தால் தோல் உடனே இறுகாது, ரொட்டி நன்றாக எழும்பும். பிறகு கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

பழக்கூடை அக்கா, உங்கள் நாளில் ஒன்றே ஒன்றை மாற்றுவேன். ரொட்டி மாவை முந்தின இரவே பிசைந்திருக்கலாம். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, வெளியே ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட வேண்டும். 4 டிகிரியில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். 12 மணி நேரத்தில் அந்த மாவில் வருகிற வாசனையும் சுவையும் ஒன்றரை மணி நேர மாவில் வராது. நீங்கள் சந்தையில் எலுமிச்சை பொறுக்கும்போது வீட்டில் ரொட்டி தானாக வளர்ந்துகொண்டிருக்கும். நான் இரவு வேலைக்காரன், எனக்குப் பகலில் நேரம் கிடையாது. ஐந்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன். என் ரொட்டியெல்லாம் நான் தூங்கும்போது வளர்ந்தவை.

---

பழக்கூடை | ஞாயிறு, காலை 7.05

சுவையில் நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. நானும் வாரநாளில் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் நேற்று பிசைவதை மகளோடு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். முதலில் அவள் கையெல்லாம் ஒட்டியது. "இன்னும் மாவு போடலாமா?" என்று நாலு முறை கேட்டாள். வேண்டாம், பிசை என்றேன். எட்டாவது நிமிடம் வாக்கில் மாவு கையை விட்டது. அந்த நிமிடம் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மாவை ஒரு துண்டு கிள்ளி, வெளிச்சத்துக்கு நேராக மெல்ல இழுத்துக் காட்டினேன். கிழியாமல், விரல் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லிய படலமாக வந்தது. "பலூன் மாதிரி இருக்கு" என்றாள். உள்ளே காற்றைப் பிடித்து வைக்கப்போவது இந்தப் படலம்தான், அதனால் பலூன் என்பது சரியான சொல்தான் என்று சொன்னேன்.

முந்தின இரவு பிசைந்திருந்தால் அவள் தூங்கியிருப்பாள்.

---

நள்ளிரவு அடுப்பு | ஞாயிறு, காலை 7.20

அப்படியென்றால் நீங்கள் செய்ததுதான் சரி.

---

அரைக்கரண்டி | ஞாயிறு, காலை 10.15

எல்லாரும் கிராமில் எழுதுகிறீர்கள். என்னிடம் தராசு இல்லை, கப்தான். பன்னிரண்டு வருடமாக கப்பில்தான் கேக் செய்கிறேன், நன்றாகத்தான் வருகிறது. புதிதாக வருகிறவர்கள் தராசு இல்லை என்பதற்காகத் தொடங்காமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரே கப், ஒரே கை, ஒரே பழக்கம். அது போதும்.

---

தராசுத்தட்டு | ஞாயிறு, காலை 10.40

ஒரே கை என்பதுதான் அதில் முக்கியம். உங்கள் கப்பும் உங்கள் கையும் சேர்ந்தால் சரியாக வரும். அதே குறிப்பை இன்னொருவர் செய்தால் வராது. மாவைக் கரண்டியால் தளர்வாக அள்ளிக் கொட்டி வழித்தால் ஒரு கப் 120 கிராம் பக்கம் நிற்கும். கப்பையே மாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 தாண்டிவிடும். மூன்று கப்புக்கு ஏறக்குறைய 100 கிராம் வித்தியாசம். கேக் வறண்டு போக அது போதும். "அந்தக் குறிப்பு சரியில்லை" என்று எத்தனை பேர் சலித்துக்கொள்கிறார்கள்! அவர்களுக்காகத்தான் நான் தராசு, தராசு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

---

அரைக்கரண்டி | ஞாயிறு, காலை 11.02

அழுத்தி அள்ளாதீர்கள், கரண்டியால் நிரப்பி வழியுங்கள் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ரொட்டிக்குத் தராசு வாங்கப்போகிறேன். கேக்குக்கு என் கப்பை விடமாட்டேன்.

---

மூன்றாம் மாடி | ஞாயிறு, பகல் 1.30

சின்ன ஓவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னுடையதில் ஒரு ட்ரேதான் போகும். பழக்கூடை சொன்ன அந்த வரிசை எனக்கும் பொருந்தும், ஆனால் முதலில் ஓவன் எந்தப் பக்கம் கூடுதலாகச் சுடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் வாங்கிய ரொட்டித் துண்டுகளை ட்ரே முழுக்க இடைவெளி இல்லாமல் அடுக்கி, 180இல் சில நிமிடம் வையுங்கள். எந்தத் துண்டு முதலில் சிவக்கிறதோ அந்தப் பக்கம் சூடு அதிகம். என்னுடையதில் பின்பக்க இடது மூலை. அது தெரியாமல் ஒரு வருடம், எல்லா கேக்கும் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் வந்தது. இப்போது பாதி நேரத்துக்கு மேல் ஆனதும் ட்ரேயைத் திருப்பி வைக்கிறேன். கேக் நன்றாக எழுந்து ஓரம் இறுகிய பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். அதற்கு முன் திறந்தால் சூடு விழுந்து நடுவில் குழி விழும்.

முகப்பில் எழுதியிருக்கும் டிகிரியை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே தொங்கவிடுகிற வெப்பமானி ஒன்று வாங்கினேன், 180 என்று வைத்தால் 165தான் இருக்கிறது. புதுக்கையின் ஓவனும் அப்படி இருக்கலாம். விசிறி ஓடுகிற ஓவன் என்றால் இதற்கு நேர்மாறு, குறிப்பில் சொன்னதைவிட 20 டிகிரி குறைத்து வைக்க வேண்டும்.

---

புதுக்கை | ஞாயிறு, மாலை 4.12

எல்லாருக்கும் நன்றி, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். இன்னும் சில சந்தேகம்.

வாழைப்பழக் கேக்கில் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போடலாமா? என் பிஸ்கட் ஓவனில் வைத்ததும் பரந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறதே, ஏன்? முட்டை புதிதா பழசா என்று எப்படித் தெரியும்? அப்புறம், சுட்ட ஆப்பிள் எப்படிச் செய்தீர்கள்? அதை நீங்கள் சொல்லவே இல்லை.

---

அரைக்கரண்டி | ஞாயிறு, மாலை 5.00

பவுடர் போடலாம். சோடா 1 தேக்கரண்டிக்குப் பவுடர் 3 தேக்கரண்டி. ஆனால் கேக் நிறம் வெளிறி இருக்கும். சோடாவுக்கு ஒரு புளிப்பு வேண்டும், பழுத்த வாழைப்பழத்தில் அது கொஞ்சம் இருக்கிறது. பவுடரில் புளிப்பும் சோடாவும் சேர்ந்தே இருக்கின்றன. அளவுக்கு மேல் சோடா போட்டுவிட்டால் சோப்பு மாதிரி ஒரு சுவை வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்த ஒரு செய்தி சொல்கிறேன். 1843இல் இங்கிலாந்தில் ஆல்பிரட் பேர்ட் என்ற மருந்தாளுநர் பேக்கிங் பவுடரை உருவாக்கியது, ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தன் மனைவி ரொட்டி சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான். ஒவ்வொரு முறை அந்த டப்பாவைத் திறக்கும்போதும் எனக்கு இது நினைவு வரும்.

முட்டைக்கு: ஒரு பாத்திரம் தண்ணீரில் போடுங்கள். படுத்துக் கிடந்தால் புதிது. நிமிர்ந்து நின்றால் கொஞ்ச நாள் ஆனது, கேக்குக்கு ஆகும். மிதந்தால் ரொம்பப் பழசு, வேண்டாம். ஓட்டின் வழியாக ஈரம் வெளியேறி உள்ளே காற்று சேரச் சேர முட்டை மேலே வருகிறது.

---

பழக்கூடை | ஞாயிறு, இரவு 8.35

பிஸ்கட் பரந்து போவது பெரும்பாலும் வெண்ணெய் இளகியிருப்பதால். வெண்ணெய் 35 டிகிரிக்குள் முழுக்க உருகிவிடும். மாவே கையில் குழைகிற நிலையில் உள்ளே போனால், மாவு இறுகுவதற்குள் வெண்ணெய் ஓடிவிடுகிறது. அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து, கெட்டியாக இருக்கும்போதே வில்லையாக வெட்டி உள்ளே வையுங்கள். சூடான ட்ரேயில் இரண்டாவது தடவை அடுக்க வேண்டாம், ட்ரே ஆறட்டும்.

எலுமிச்சைத் தோலை மாவில் நேராகப் போடாதீர்கள். முதலில் சர்க்கரையோடு சேர்த்து விரலால் தேய்க்க வேண்டும். வாசனை எல்லாம் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது, சர்க்கரையின் கூர் அதைக் கீறி வெளியே கொண்டுவருகிறது. இந்த வேலையை மகளிடம் கொடுத்தேன். சர்க்கரை மஞ்சளாகி, ஈர மணல் மாதிரி ஆகும்வரை தேய்த்தாள். மாலை வரை கையைக் கழுவமாட்டேன் என்றாள். வெள்ளைப் பகுதி மட்டும் வராமல் துருவ வேண்டும், அது கசக்கும்.

இன்னொன்று, பிள்ளைகளோடு செய்கிறவர்களுக்கு. மாவைப் பச்சையாக வாயில் போட விடாதீர்கள். முட்டையை எல்லாரும் நினைக்கிறோம், ஆனால் பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம். அதற்குப் பதில் என் மகளுக்கு முதல் ட்ரேயில் உடைந்த பிஸ்கட் எல்லாம் என்று ஒப்பந்தம். என்ன அதிசயமோ, மூன்று உடைந்திருந்தன.

ஆப்பிள் மிகச் சுலபம். மேலிருந்து நடுத்தண்டைக் குடைந்து எடுக்க வேண்டும், அடிவரை துளைத்துவிடக் கூடாது. குழியில் உலர்திராட்சை, கொஞ்சம் வால்நட், ஒரு தேக்கரண்டி சர்க்கரை, பட்டைத் தூள், மேலே ஒரு துண்டு வெண்ணெய். நடு இடுப்பில் கத்தியால் தோலை மட்டும் சுற்றிக் கீறிவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே ஆவி சேர்ந்து கண்டபடி வெடிக்கும். தட்டில் இரண்டு கரண்டி தண்ணீர். 190இல் 35 நிமிடம். தட்டில் சேர்கிற சாற்றை மறுபடி மேலே ஊற்றிச் சாப்பிட வேண்டும்.

---

தராசுத்தட்டு | ஞாயிறு, இரவு 9.15

வால்நட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போன வருடம் பொட்டலத்தில் அடைத்து விற்றதை வாங்கினேன். தேதியெல்லாம் சரியாக இருந்தது. சுவைத்துப் பார்க்காமல் கேக்கில் போட்டேன். முழுக் கேக்கும் சிக்கு வாடை, வீட்டில் யாராலும் ஒரு துண்டுகூடச் சாப்பிட முடியவில்லை. கொட்டைகளில் எண்ணெய் அதிகம், வெளிச்சத்திலும் சூட்டிலும் கிடந்தால் கெட்டுவிடுகிறது. வாங்கும் இடத்திலேயே ஒன்றை வாயில் போட்டுப் பார்த்துவிட வேண்டும். மிச்சத்தை உறைபெட்டியில் வைக்க வேண்டும். முழுக்கோதுமை மாவுக்கும் இதே கதைதான், அதில் முளைப்பகுதியின் எண்ணெய் இருக்கிறது.

இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அன்று என் பட்டியலில் "வால்நட் 100 கிராம்" என்று இருந்தது. அதை வாங்கி, கோடு போட்டு அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். பழக்கூடை, நீங்கள் சொல்ல வந்தது இதைத்தானா?

---

பழக்கூடை | ஞாயிறு, இரவு 9.31

இதையேதான். உங்கள் பட்டியலில் அளவை எழுதுங்கள், பொருளுக்கு இடம் விடுங்கள். "பழம் 350 கிராம்" என்று மட்டும். எந்தப் பழம் என்பதை அங்கே போய் முடிவு செய்யலாம்.

---

தராசுத்தட்டு | ஞாயிறு, இரவு 9.40

"பழம் 350 கிராம்." இது எனக்குச் சரிவரும். ஆனால் பழத்துக்குப் பழம் நீர் மாறும். ஆப்பிள் துருவலுக்கும் வாழைப்பழ மசியலுக்கும் ஒரே மாவு அளவு ஒத்துவராது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்கு எழுதி அடுத்த வாரம் போடுகிறேன்.

---

மூன்றாம் மாடி | திங்கள், காலை 6.50

அவ்வளவு ரொட்டியையும் எப்படி வைத்தீர்கள்? நான் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாளே கட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

---

நள்ளிரவு அடுப்பு | திங்கள், காலை 7.15

குளிர்பெட்டி வேண்டாம். ரொட்டி கட்டையாவது காய்ந்துபோவதால் மட்டும் இல்லை. வெந்து இளகிய மாவுச்சத்து திரும்ப இறுகி அடுக்காகிறது, அது குளிர்பெட்டியின் சூட்டுநிலையில்தான் மிக வேகமாக நடக்கிறது. இரண்டு நாளுக்குள் சாப்பிடுவதைத் துணியில் சுற்றி வெளியே வையுங்கள். மிச்சத்தைத் துண்டு போட்டு, உறையில் காற்றுப் போகாமல் கட்டி, உறைபெட்டியில். வேண்டும்போது துண்டாக எடுத்து நேராக டோஸ்டரில் போடலாம். இறுகிப்போன ரொட்டியைக்கூடத் தண்ணீர் தெளித்துச் சூடாக்கினால் கொஞ்ச நேரத்துக்கு மிருதுவாகும்.

---

புதுக்கை | சனி, பகல் 12.05

ஒரு வாரம் காத்திருந்து எழுதுகிறேன். இன்று காலை சந்தைக்குப் போனேன், அம்மாவும் வந்தார். அவர் இதுவரை என் ஓவன் பக்கமே வந்ததில்லை. சந்தையில் நான் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பேரிக்காய் ஒன்றை எடுத்து முகர்ந்து "இதில் செய்ய முடியாதா?" என்று கேட்டார். அதையே வாங்கிவிட்டோம். காம்புப் பக்கம் லேசாக அழுத்தினால் இளகுவதாகப் பார்த்து அவரே நாலு பொறுக்கினார்.

ரொட்டி மாவை நேற்று இரவே பிசைந்து வைத்தேன், நள்ளிரவு அடுப்பு சொன்ன மாதிரி. வெளியே எடுத்து அச்சில் வைத்து, விரலால் அழுத்தினால் பள்ளம் மெல்ல மெல்ல மேலே வரும்வரை விட்டேன். 220, வெந்நீர்க் கிண்ணம், 35 நிமிடம். வெப்பமானி 96 காட்டியது. தோல் நல்ல செம்பழுப்பு.

கம்பித் தட்டில் ஆறிக்கொண்டிருக்கிறது. மேல்தோல் சின்னச் சின்னதாக வெடிக்கும் சத்தம் கேட்கிறது. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். பேரிக்காய் ஓவனில்.

---

பழக்கூடை | சனி, பகல் 12.11

எத்தனை மணிக்கு எடுத்தீர்கள்?

---

புதுக்கை | சனி, பகல் 12.12

11.40. கத்தியை அம்மா எடுத்து ஒளித்து வைத்திருக்கிறார். 12.40க்குத்தான் தருவாராம்.